‘அதை வார்த்தையில் சொல்ல முடியாது’: ஞான நூல்கள் முக்கியமான இடத்தில் மட்டும் ஏன் மங்கிப் போகின்றன?

ஆன்மிகப் புத்தகங்கள் படிக்கிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். எழுதியவரின் சிறுவயது, வீட்டுக் கஷ்டம், குருவைத் தேடி அலைந்த ஊர்கள், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வரை எல்லாம் விலாவாரியாக வரும். பிறகு அந்த நாள் வரும். ஒளி, அமைதி, எல்லையின்மை, பேரானந்தம் என்று நாலைந்து சொற்கள். அடுத்த பத்தியில் அவர் வேறு ஆளாக எழுந்து உட்கார்ந்திருப்பார். எவ்வளவு நேரம் நீடித்தது, உடம்பு என்ன ஆனது, கூட இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதெல்லாம் இருக்காது. ‘புக்கை முடிச்சாச்சு, ஆனா அவருக்கு என்னதான் ஆச்சுன்னு மட்டும் புரியலை’ என்று வாசகர் மூடி வைத்துவிடுவார்.

இதற்குப் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கும். ‘அனுபவிச்சாத்தான் தெரியும்’ என்பார் பக்தர். ‘சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை, அதான் சொல்லலை’ என்பார் சந்தேகக்காரர். இரண்டும் கொஞ்சம் அவசர முடிவுகள்தான். அந்தப் பக்கங்களை யார், எப்போது, யாருக்காக எழுதினார்கள் என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அதற்கு நல்ல உதாரணம் மதுரையிலேயே இருக்கிறது.

மாடி அறையில் நடந்தது

1896 ஜூலை. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமனுக்கு வயது 16. உடம்புக்கு ஒன்றுமில்லை. மாடி அறையில் தனியாக இருந்தபோது, செத்துப்போகப் போகிறோம் என்ற பயம் திடீரென்று பிடித்துக்கொண்டது. யாரையும் கூப்பிடவில்லை. கைகால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போலப் படுத்து, மூச்சை அடக்கி, உதட்டை இறுக மூடி, சாவது உடம்புதானே, அப்படியானால் சாகாமல் இருப்பது எது என்று உள்ளே தேடினார். அதோடு பயம் போய்விட்டது. சில வாரங்களில் அவர் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார். 1896 செப்டம்பர் 1 அன்று அங்கே போய்ச் சேர்ந்தவர், 1950இல் மறையும்வரை அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

ஞான நூல்களில் இவ்வளவு தெளிவான விவரிப்பு அபூர்வம். படுத்த விதம், உதடு, மூச்சு என்று எல்லாம் இருக்கிறது. ‘நான் இப்படிச் செய்தேன், எனக்கு இப்படித் தோன்றியது’ என்று தன்மையிலேயே ஓடும் இந்தப் பகுதி, பல மொழிகளில் பல நூறு முறை எடுத்தாளப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்த ‘நான்’ ரமணர் எழுதியது அல்ல.

அது முதலில் அச்சில் வந்தது 1931இல், சம்பவம் நடந்து 35 ஆண்டுகள் கழித்து, ஆங்கிலத்தில். எழுதியவர் பி.வி. நரசிம்ம சுவாமி. சேலத்தில் பேர்பெற்ற வக்கீலாக இருந்து, சென்னை சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்து, குழந்தைகளைப் பறிகொடுத்த துக்கத்துக்குப் பிறகு துறவியானவர். பின்னாளில் ஷீரடி சாய்பாபா வழிபாட்டைத் தமிழ்நாட்டில் பரப்பியவரும் இவரே. ரமணரிடம் கேட்டுக் கேட்டுத்தான் அந்த வரலாற்றை எழுதினார்.

வக்கீல் அல்லவா, ஒரு குறிப்பையும் நேர்மையாகச் சேர்த்திருக்கிறார். ரமணர் சொன்ன சொற்கள் அப்படியே பதிவு செய்யப்படவில்லை. அவர் ‘நான்’, ‘நீ’ என்று அழுத்திப் பேசும் வழக்கமில்லாதவர். ஆளைச் சுட்டாமல் பேசுவதற்குத் தமிழ் தோதான மொழி. அவர் பேசியதை அப்படியே போட்டால் பல வாசகர்களுக்கு, அதிலும் மேல்நாட்டவர்களுக்கு, நிறமில்லாமலும் மங்கலாகவும் இருக்கும். அதனால்தான் வழக்கமான ‘நான்’ நடையில் எழுதப்பட்டது. அந்தக் குறிப்பின் சாரம் இதுதான்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூலத்தில் தெளிவாக இருந்ததை எழுதியவர்கள் மங்கலாக்கிவிட்டார்கள் என்பதே பலருடைய எண்ணம். இங்கே நடந்தது தலைகீழ். மூலம்தான் மங்கலாக இருந்தது. தெளிவைப் பிறகு இன்னொருவர் சேர்த்தார். இதை டேவிட் காட்மேன் போன்ற ரமண ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஆனாலும் அந்த ‘நான்’ மேற்கோள்களில் இருந்து போகவே இல்லை.

தமிழ் பேசுகிறவர்களுக்கு நரசிம்ம சுவாமியின் சங்கடம் சட்டென்று புரியும். ‘பயமா இருந்துச்சு’ என்கிறோம். யாருக்கு என்று சொல்வதில்லை. ‘தோணுச்சு’, ‘தெரிஞ்சுது’, ‘அப்புறம் போயிடுச்சு’. நடந்ததுதான் வாக்கியத்தில் இருக்கிறதே தவிர, அது யாருக்கு நடந்ததோ அவர் இல்லை. ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. யாரையாவது எழுவாய் நாற்காலியில் உட்கார வைத்தாக வேண்டும். ‘நான்’ என்பது எது என்று தேடிப்போன ஒருவரின் அனுபவத்தை, வரிக்கு வரி ‘நான்’ போட்டுத்தான் உலகம் படித்தது.

ரமணரே எழுதிய ஒரு காகிதம் இதற்கு இன்னும் நல்ல சாட்சி. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அண்ணனுக்கு வைத்துவிட்டுப் போன கடிதம் அது. ‘நான்’ என்று தொடங்குகிறது. ஓரிரு வரியில் ‘நான்’ போய் ‘இது’ வந்துவிடுகிறது. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பெயரே இல்லை, கோடுதான். அதே கடிதத்தில், அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்குக் கொடுத்த பணத்தில் மிச்சம் 2 ரூபாய் இதோடு இருக்கிறது என்ற கணக்கு மட்டும் துல்லியமாக இருக்கிறது. பையன் குழப்பத்தில் எழுதவில்லை. பணத்தைப் பற்றித் தெளிவாக எழுத முடிந்தவருக்குத் தன்னைப் பற்றி எழுதும்போது சொல் மாறிப்போனது.

ஆரம்பத்தில் தனக்கு நேர்ந்ததற்கு அவரிடம் பெயரும் இல்லை. ஏதோ ஒருவகைக் காய்ச்சல் போலிருக்கிறது, சுகமான காய்ச்சலாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த நாட்களில் நினைத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் படித்திருந்த ஆன்மிக நூல் என்று சொன்னால் பெரியபுராணம். வேதாந்தக் கலைச்சொற்கள் எல்லாம் பிறகு, திருவண்ணாமலையில், மற்றவர்கள் கொண்டுவந்து காட்டிய நூல்களில் இருந்து வந்தவை.

‘நான் யார்?’ நூலும் இப்படித்தான். தென்னாற்காடு மாவட்டத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை 1901-02இல் கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாமல் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள் அவை. முதல் பதிப்பு 1923இல்தான் வந்தது. பதிப்புக்குப் பதிப்பு கேள்விகளின் எண்ணிக்கையே மாறும். பிறகு ரமணரே கேள்விகளை எடுத்துவிட்டுக் கட்டுரையாகவும் எழுதினார்.

‘சொல்ல முடியாது’ என்பதே ஒரு அடையாளம்

மேல்நாட்டில் இதைப் பற்றி முதலில் முறையாக எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அவர் ஆற்றிய உரைகள் 1902இல் நூலாக வந்தன. கிறிஸ்தவத் துறவிகள், இந்திய யோகிகள், சூஃபிகள், மதமே இல்லாதவர்கள் என்று பலருடைய வாக்குமூலங்களைச் சேர்த்துவைத்துப் பார்த்து, இப்படிப்பட்ட அனுபவங்களுக்கு நான்கு பொது அடையாளங்களைச் சொன்னார். சொல்லில் அடங்காது, ஏதோ உண்மை தெரிந்துவிட்டது என்ற உறுதி இருக்கும், சீக்கிரம் மறையும், தானாக வரும், நாம் செய்வதுபோல இருக்காது. முதல் அடையாளமே ‘சொல்லில் அடங்காது’ என்பதுதான்.

ஜேம்ஸ் வெளியே நின்று பார்த்தவர் மட்டுமல்ல. பல் டாக்டர்கள் மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து பார்த்து, அந்த நேரத்தில் தோன்றியதை எழுதிவைத்தவர். உலகத்தின் ரகசியமே பிடிபட்டதுபோல இருந்ததாம். தெளிந்த பிறகு எழுதியதைப் படித்தால் வெறும் உளறல். அதற்காக அந்த அனுபவத்தை அவர் தூக்கிப்போட்டுவிடவில்லை. ஆனால் ஒரு கோட்டைப் போட்டார்: அனுபவித்தவருக்கு அது ஆணித்தரமான உண்மையாக இருக்கலாம், வெளியே இருப்பவர் அதைக் கேள்வியில்லாமல் ஏற்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. இன்றைக்குப் புத்தகக் கடை அலமாரியில் இருக்கும் பல நூல்கள் அந்தக் கோட்டை ஓசையில்லாமல் தாண்டிவிடுகின்றன. எக்கார்ட் டோலேயின் 1997ஆம் ஆண்டு நூலைப் பார்க்கலாம். 29 வயதில், ஓர் இரவில் அவருக்கு நேர்ந்தது முன்னுரையில் சில பக்கங்கள்தான். மீதி நூல் முழுவதும் அந்தச் சில பக்கங்களின் மேல் நிற்கிறது.

மூளை ஸ்கேன்களும் வந்தன. அமெரிக்காவில் ஆண்ட்ரூ நியூபெர்க் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், திபெத்திய பௌத்த முறையில் தியானம் செய்த 8 பேரைப் பார்த்தார்கள். உடம்பின் எல்லையையும் இருப்பிடத்தையும் கணக்கு வைக்கும் மூளையின் பின்மேல் பகுதியில் செயல்பாடு குறைந்தது தெரிந்தது. ‘எல்லை கரைந்தது’ என்ற வருணனைக்கு ஒரு உடல் அடிப்படை இருக்கலாம் என்று இது காட்டுகிறது. கரைந்ததாகத் தோன்றியதா, உண்மையிலேயே கரைந்ததா என்பதை ஸ்கேன் சொல்லாது.

தெரிந்தே மறைத்ததும் உண்டு

எல்லா மங்கலும் சொல் கிடைக்காததால் வருவதல்ல. சித்தர் பாடல்களின் பரிபாஷை வேண்டுமென்றே போட்ட பூட்டு. பாம்பு என்றால் பாம்பு அல்ல. தீட்சை பெற்றவருக்கு மட்டும் புரிந்தால் போதும் என்ற முடிவோடு எழுதப்பட்டவை அவை. அந்தச் சொற்களுக்குப் பொருள் சொல்ல நிகண்டுகள்கூட உண்டு. குரு இல்லாமல் அவற்றைக் கையில் எடுத்து ‘ஒண்ணும் புரியலையே’ என்றால், எழுதியவரின் நோக்கம் நிறைவேறிவிட்டது என்று அர்த்தம்.

ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கதை வேறு வகை. அடையாறு கடற்கரையில் 1909இல் தியசாபிகல் சங்கத்தாரின் கண்ணில் பட்ட சிறுவன், குருவும் வேண்டாம் முறையும் வேண்டாம் என்று உலகம் முழுக்கப் பேசினார். ஆனால் 1922 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓஹையில் அவருக்கு ஒன்று நேர்ந்தது. பிடரியில் கடும் வலி, நினைவு தப்புதல், பிறகு பெரும் அமைதி. கூட இருந்த தம்பி நித்யானந்தா அதை எழுதிவைத்தார். நெருங்கிய வட்டத்தில் அதற்கு ‘பிராசஸ்’ என்று பெயர். வெளி உலகத்துக்கு இது விரிவாகத் தெரிந்தது மேரி லட்யன்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு 1975இல் வந்த பிறகுதான். மேடையில் அவர் சொல்வதைக் கேட்டு, ‘எந்த முயற்சியும் இல்லாம இவருக்கு எப்படிப் புரிஞ்சுது’ என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு தலைமுறைக்கு, இந்தப் பக்கமே கையில் இல்லை. அனுபவங்களைத் துரத்தாதே என்பது அவர் போதனை. அதனால் சொல்லாமல் விட்டதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் விட்டுப்போன பக்கம் சிறியதல்ல.

மயக்கமா, சமாதியா?

விவரமே இல்லாத இடத்தில் சுற்றியிருப்பவர்கள் விவரத்தை நிரப்பிவிடுவார்கள். இதில் மாட்டிக்கொண்ட பிரபலம் ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம். 1938இல் ரமணாசிரமத்துக்கு வந்தவர், ரமணரைப் பார்ப்பதற்கு முன்பே மயங்கி விழுந்துவிட்டார். ஓய்வெடுத்துக்கொண்டிருந்த அறைக்கே ரமணர் வந்து கொஞ்ச நேரம் மௌனமாக உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் மாம் சமாதிக்குப் போய்விட்டார் என்று செய்தி பரவியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1958இல் வெளியான கட்டுரைத் தொகுப்பில் இதைப் பற்றி அவரே எழுதினார். அதற்கு முன்னும் பின்னும் தனக்கு மயக்கம் வந்ததுண்டு, டாக்டர்கள் உடல் காரணம் சொன்னார்கள், அந்த நேரத்தில் எந்தத் தரிசனமும் கிடைக்கவில்லை என்பதே சுருக்கம். மாம் உயிரோடு இருந்தார், எழுதத் தெரிந்தவர், அதனால் திருத்த முடிந்தது. இதே மாம்தான் ரமணரை மனதில் வைத்து 1944 நாவலில் ஒரு குருவை உருவாக்கி, கதாநாயகனுக்கு மலை உச்சியில் விடியற்காலையில் ஒரு ஞான அனுபவத்தையும் கொடுத்தார் என்பது தனி வேடிக்கை.

கேள்வி கேட்க ஆள் இருந்த இடத்தில்

அப்படியானால் விவரமான ஞான நூல்களே இல்லையா? இருக்கின்றன. அவை பெரும்பாலும், எழுதியவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலையில் இருந்தபோது பிறந்தவை.

ஸ்பெயின் நாட்டு அவிலா தெரேசா, 16ஆம் நூற்றாண்டுக் கன்னிகாஸ்திரி. தனக்கு நேர்ந்ததை எழுதும்படி அவரைப் பணித்தவர்கள் அவருடைய பாவசங்கீர்த்தன குருக்கள். அவருடைய சுயசரிதைக் கைப்பிரதி 1575இல் மத விசாரணை மன்றத்தின் கைக்குப் போனது. ஒரு சொல் தவறினாலும் ஆபத்து. அதனால் அவர் வகை பிரித்தார்: மன அமைதி ஒன்று, பரவசம் வேறு, கண்ணால் பார்ப்பது ஒன்று, உள்ளே தெரிவது வேறு, எது எவ்வளவு நேரம் நிற்கும், பிறகு உடம்பு எப்படி இருக்கும். 1577இல் எழுதிய இன்னொரு நூலில், மணிக்கணக்கில் பரவசத்தில் கிடப்பதாகச் சொல்லப்பட்ட ஒருவரைக் குறிப்பிடுகிறார். தவத்தைக் குறைத்து, நன்றாகச் சாப்பிடவும் தூங்கவும் வைத்தார்கள், ‘பரவசம்’ நின்றுவிட்டது. ஒரு ஞானியின் நூலில் இப்படி ஒரு பத்தி இருப்பது, இன்றைய பல நூல்களோடு ஒப்பிட்டால் ஆச்சரியம்தான்.

ஜப்பானில் ஜென் குரு ஹகுயின் 1757இல் வெளியிட்ட சிறுநூலும் அந்த ரகம். இளம் வயதில் அளவுக்கு மீறித் தியானம் செய்ததில் தனக்கு வந்த ‘ஜென் நோய்’ பற்றி எழுதினார். கால்கள் பனிக்கட்டிபோலச் சில்லிட்டன, காதில் ஓடைச் சத்தம், அக்குளில் ஓயாத வியர்வை, தேவையில்லாத பயம். ஒரு மலைத்துறவியிடம் கற்றதாக அவர் சொல்லும் வைத்தியமும் அதில் உண்டு: தலையில் வெண்ணெய் உருண்டை வைத்ததாகவும், அது உருகி உடம்பு முழுக்க இறங்குவதாகவும் நினைக்க வேண்டும். அவர் எழுதியது தன் சீடர்களுக்காக. ‘உங்களுக்கும் வரும், வந்தா இதைச் செய்யுங்க’ என்ற தொனி.

நரசிம்ம சுவாமி, சிவப்பிரகாசம் பிள்ளை, தெரேசாவின் குருக்கள், ஹகுயினின் சீடர்கள் — எதிரே ஒருவர் உட்கார்ந்து ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்ட இடங்களில்தான் விவரம் வந்திருக்கிறது. கேட்டவருடைய அச்சும் பதிலில் பதிந்திருக்கிறது என்பதற்குத்தான் அந்த 1931 நூலின் ‘நான்’. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. யாரும் குறுக்கே கேட்காத இடத்தில், ஆசிரியரும் ரசிகர்களும் மட்டும் இருக்கும் இடத்தில், ‘சொல்ல முடியாது’ என்பது வசதியான முற்றுப்புள்ளியாகிவிடுகிறது.

படிக்கிறவருக்கு இதனால் என்ன?

இது இலக்கிய விவாதம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால் இந்த நூல்களைப் படித்துவிட்டு வீட்டில் தனியாகத் தியானத்தில் உட்காருபவர்கள் பலர். பத்தாம் நாளோ நூறாம் நாளோ திடீரென்று பயம் வருகிறது, தூக்கம் போகிறது, கண்ணாடியில் தெரியும் முகம் தன்னுடையது இல்லை என்று தோன்றுகிறது. புத்தகத்தைப் புரட்டினால் ‘அகந்தை கரைகிறது’ என்று இருக்கிறது. டாக்டரிடம் போனால் வேறு பெயர் சொல்லக்கூடும். எது என்று பிரித்துப் பார்க்கத் தேவையான விவரம் அந்த மங்கலான பக்கத்தில் இல்லை.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாரெட் லிண்டால், வில்லபி பிரிட்டன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. மேற்கில் பௌத்தத் தியானம் செய்கிறவர்களையும் ஆசிரியர்களையும் நேரில் விசாரித்து, தியானத்தில் வரக்கூடிய, சமாளிக்கச் சிரமமான அனுபவங்களை 59 வகையாகப் பட்டியலிட்டார்கள். பயம், தூக்கமின்மை, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, ‘நான்’ என்ற உணர்வே மாறிப்போவது எல்லாம் அதில் உண்டு. ஒரே அனுபவத்தை ஒரு மரபு முன்னேற்றம் என்கிறது, இன்னொன்று தடை என்கிறது, மூன்றாவது சிகிச்சை தேவை என்கிறது என்பதும் அதில் தெரியவந்தது.

மனநல மருத்துவமும் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் 1994இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் நான்காம் பதிப்பில் ‘மத அல்லது ஆன்மிகப் பிரச்சினை’ என்று ஒரு தனி இனத்தைச் சேர்த்தது. நோய் என்று முத்திரை குத்தாமலே, உதவி தேவைப்படலாம் என்று ஒப்புக்கொள்ளும் இடம் அது.

எனவே ஞான நூலைக் கையில் எடுக்கும்போது கேட்க வேண்டியவை சாதாரணக் கேள்விகள்தான். அனுபவம் நடந்து எத்தனை வருஷம் கழித்து இது எழுதப்பட்டது? யார் கை எழுதியது, எந்த மொழியில்? முதல் பதிப்பில் இது இருந்ததா? உடம்புக்கு என்ன ஆனது என்று எங்காவது இருக்கிறதா? கூட இருந்தவர் யாராவது வேறு மாதிரி சொல்லியிருக்கிறாரா? தனக்கே அப்படி ஏதாவது நேர்ந்து, தூக்கமும் சாப்பாடும் வேலையும் கெடத் தொடங்கினால், தியானத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பார்ப்பதில் எந்த மரபுக்கும் ஆட்சேபம் இருக்கக் காரணமில்லை. எஸ்.என். கோயங்கா வழியிலான பத்து நாள் விபாசனா முகாம்களுக்கான விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிய கேள்விகள் இருக்கின்றன. கடுமையான மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்த முகாம் ஏற்றதாக இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.